சத்தம் போடாத கறுப்புச் சப்பாத்து

கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் எனக்கு இயன்மருத்துவர் வேலை கிடைத்தது. சேர்ந்த அன்று எங்கள் பிரிவுக்குப் பொறுப்பான அம்மையார் என்னை உட்காரவைத்துச் சப்பாத்தைப் பற்றிப் பேசினார். கறுப்பாக இருக்க வேண்டும். விரல் தெரியக் கூடாது. குதி உயரமாக இருக்கக் கூடாது. சத்தம் வரக் கூடாது. பார்க்க மரியாதையாக இருக்க வேண்டும். மனித உடம்பின் தசைகளைப் பற்றி ஏதாவது கேட்பார் என்று முந்தின நாள் முழுக்கப் புத்தகத்தைப் புரட்டிவிட்டுப் போயிருந்தேன். தசைகளைப் பற்றி அவர் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

இயன்மருத்துவர் என்பது கதவில் எழுதியிருக்கும் பெயர். நோயாளிகளுக்கு நான் ‘எக்ஸசைஸ் மிஸ்’. பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனவர்களையும், வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்களையும் மறுபடி நடக்கவைப்பது என் வேலை. அவர்கள் நடக்கிறார்களோ இல்லையோ, நான் காலையிலிருந்து நடந்துகொண்டே இருப்பேன். என் ஊர் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். அங்கே சப்பாத்து என்பது பாடசாலைக்குரிய சாமான். படிப்பு முடிந்ததும் சப்பாத்துப் பிரச்சினையும் முடிந்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன்.

கல்யாணமாகிக் குண்டசாலையில் வாடகை வீடொன்றில் இருந்தோம். என் கணவர் மாநகரசபையில் எழுதுவினைஞர். கதிரையில் உட்கார்ந்து செய்கிற வேலை. அதனால் சப்பாத்தைப் பற்றி அவருக்கு உறுதியான கருத்துகள் இருந்தன. மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட ஒரு கடையில் அவரே ஒரு சோடியைத் தேர்ந்தெடுத்தார். முன்பக்கம் கூராக, குதி சின்னதாக, முகம் பார்க்கலாம் போல மினுங்கியது.

“இது நல்லாருக்கு. போட்டா ஆபீசர் மாதிரி இருப்ப,” என்றார்.

ஆபீசர் மாதிரித்தான் இருந்தேன். அந்தச் சப்பாத்தைச் செய்தவர் மனதில் வைத்திருந்த ஆபீசர் எழுந்து நடக்காதவராக இருந்திருக்க வேண்டும். முதல் வாரத்திலேயே இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்தது. சின்ன விரல்கள் கொப்பளித்தன. குதி உயரமில்லைதான், ஆனால் சீமெந்துத் தரையில் டக் டக் என்று அடித்தது. நான் படியேறி வரும் சத்தம் கேட்டதும் வார்ட்டில் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொள்வார்கள். நான் உள்ளே போகும்போது எல்லாரும் ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள். தூங்குகிற நோயாளியை எழுப்பி நடக்கவைக்க எனக்கு அப்போது தைரியம் போதாது. அது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த சோடியை நானே தனியாகப் போய் வாங்கினேன். விளையாட்டுச் சப்பாத்து. வெள்ளையில் ரோஸ் நிறக் கோடு. காலை விட்டதும் பஞ்சில் வைத்தது போல இருந்தது. அன்றைக்கு மத்தியானம் வார்ட் சிஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரியில் விளையாட்டுப் போட்டி எப்போது என்று சிங்களத்தில் கேட்டார். அவர் சிரிக்கவில்லை. அதனால் நானும் சிரிக்கவில்லை.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் அதே வாரம், நடக்க உதவும் அலுமினியச் சட்டங்களை விற்கிற கம்பனி ஆள் ஒருவர் எங்கள் பிரிவுக்கு வந்தார். கழுத்துப் பட்டி, மினுங்குகிற கறுப்புச் சப்பாத்து. நான் ஒரு நோயாளியின் முழங்காலை எப்படி மடக்க வேண்டும் என்று அவருடைய மகனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் சொல்லி முடியும்வரை மகன் பொறுமையாகக் கேட்டார். பிறகு நேராக அந்தக் கம்பனி ஆளிடம் போய், “சேர், இந்தப் பிள்ள சொல்றது சரிதானா?” என்றார். கம்பனி ஆள் என் முகத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார், “சரிதான்,” என்றார். அவருக்கு முழங்காலைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் அந்த மகன் நிம்மதியாகத் திரும்பி வந்தார். அன்று மாலையே விளையாட்டுச் சப்பாத்தைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன்.

மூன்றாவது சோடிக்கு மறுபடி அதே மணிக்கூட்டுக் கோபுரத்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் நடுத்தர வயது முஸ்லிம் மனிதர். நான் உட்காருவதற்கு முன்பே என் பிரச்சினையைச் சொல்லிவிட்டேன்.

“மிஸ், நீங்க முந்தியே சொல்லீந்தா நான் இதத்தான் தந்திருப்பேன்,” என்று ஒரு பெட்டியைத் திறந்தார். “ஆஸ்பத்திரில வேல செய்றவங்க எல்லாம் இதத்தான் எடுக்கிற.”

கறுப்பு. முன்பக்கம் உருண்டை. அடியில் தடித்த றப்பர். கடைக்குள் விரித்திருந்த கம்பளத்தில் நடந்து பார்த்தேன், சத்தமே இல்லை. ஆஸ்பத்திரித் தரையில் கம்பளம் இல்லை என்பது அந்த நேரத்தில் எனக்கு நினைவு வரவில்லை. காலையில் தரையைத் துடைத்துவிட்டுப் போன ஈரத்தில் முதல் அடி வைத்ததும் அது கீச்சென்றது. இரண்டாவது அடிக்கும் கீச். காய்ந்த பிறகும் நிற்கவில்லை. ஓர் எலிக்குடும்பத்தை மிதித்து மிதித்துப் போவது போல வார்ட் முழுக்க நடந்தேன். பவுடர் போட்டேன், சோப்புத் தேய்த்தேன். என் கணவர் அலுவலகத்தில் யாரோ சொன்னார்கள் என்று தேங்காய் எண்ணெய் பூசினார். எண்ணெய் பூசிய அன்று சத்தம் இல்லை, ஆனால் நானே வழுக்கி விழப் பார்த்தேன்.

இந்தச் சப்பாத்தோடு நான் இருந்த காலத்தில்தான் அந்த உம்மா எங்களிடம் வந்தார்.

அவர் கடுகண்ணாவையில் பிரதான வீதியோரம் துணிக்கடை வைத்திருந்தவர். படுக்கை விரிப்பு, தலையணை உறை, திரைச்சீலை. கணவர் காலமான பிறகு தனியாகவே கடையை நடத்தியிருக்கிறார். அறுபதைத் தாண்டிய வயது. ஒரு நாள் காலையில் கடையைத் திறக்கப் போன இடத்தில் பாரிசவாதம் வந்து விழுந்துவிட்டார். வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது. மற்றவர்கள் பேசுவது விளங்கியது, வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. எங்கள் பிரிவுக்கு மாற்றப்பட்டபோது பல வாரங்களாக அவர் ஒன்றும் பேசியிருக்கவில்லை. கூடவே இருந்த மகள் எல்லாவற்றையும் தானே பேசினாள். “உம்மாக்குப் பசிக்குது மிஸ்,” என்பாள். உம்மா அவளை ஒரு பார்வை பார்ப்பார். பசிக்கவில்லை என்று அர்த்தம்.

அவரை இரட்டைக் கம்பிகளுக்கு நடுவில் நிறுத்தி, நான் முன்னால் நின்று இடுப்புப் பட்டியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடப்பேன். அவர் என்னைப் பார்த்து முன்னே வர வேண்டும். ஆனால் அவர் என் முகத்தைப் பார்க்க மாட்டார். தலை குனிந்தபடியே இருக்கும்.

“உம்மா, கீழ பாக்காதீங்க. என்னயப் பாருங்க,” என்று ஒவ்வோர் அடிக்கும் சொல்லுவேன்.

நான் ஓர் அடி பின்னால் வைப்பேன், கீச். அவர் காலை இழுத்து வைப்பார். நான் அடுத்த அடி வைப்பேன், கீச்.

ஒரு நாள் காலை கம்பிகளின் நடுவில் அவர் நின்றுவிட்டார். மூச்சு வாங்குகிறதோ என்று, பட்டியை விடாமலே கதிரையை இழுக்கத் திரும்பினேன். அப்போது எனக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. கரகரப்பாக, வெகுநாள் பூட்டியிருந்த கதவைத் திறப்பது போல.

“சத்தம்.”

மகள் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தல் கீழே விழுந்தது. “மிஸ், உம்மா பேசிட்டாங்க! யா அல்லாஹ், உம்மா பேசிட்டாங்க!” என்று அழுதாள். பக்கத்தில் பந்தை அமுக்கிக்கொண்டிருந்த ஒரு முதியவர் பந்தை விட்டுவிட்டு எழுந்து நின்றார். அவர் எழுந்து நிற்பதற்குத்தான் நாங்கள் அந்த மாதம் முழுக்கப் பாடுபட்டிருந்தோம், ஆனால் அந்த நேரத்தில் அதை யாரும் கவனிக்கவில்லை.

உம்மா இடது கையைக் கம்பியிலிருந்து எடுத்தார். என் காலைச் சுட்டிக் காட்டினார். உதடுகள் ஒரு சொல்லைத் தேடின.

“சப்… சப்பாத்து. சத்தம்.” கொஞ்சம் நிறுத்தி, மிகத் தெளிவாகச் சொன்னார்: “கழட்டு.”

கழற்றினேன். வேறு என்ன செய்வது? அவசரத்தில் அன்று என் கணவரின் காலுறையைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். ஒன்றில் பெருவிரல் வெளியே வந்திருந்தது. உம்மா அதையும் பார்த்தார். அதற்கான சொல் அன்றைக்கு அவருக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் பேச்சுச் சிகிச்சையாளர் யாழ்ப்பாணத்துப் பெண், என்னைவிட இளையவள். யாரோ போய்ச் சொன்னதும் ஓடி வந்தாள். பல நாட்களாகப் பழத்தின் படம், பூனையின் படம் என்று ஒவ்வொன்றாகக் காட்டி உம்மாவிடம் ஒரு சொல்லாவது வாங்கப் பார்த்துத் தோற்றவள் அவள்.

“அக்கா, நீங்கள் என்ன செய்தனீங்கள்?”

“நடந்தேன்.”

“எப்பிடி நடந்தனீங்கள்?”

“பின்னால.”

அவள் என் சப்பாத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தரையில் தேய்த்தாள். கீச். உம்மாவின் முகம் சுளித்தது.

“ஓம், இதுதான்,” என்றாள் அவள். “கோவம் வந்தால் சொல்லு வருது. அக்கா, உங்களிட்ட வேற சப்பாத்து இருக்கோ?”

இருந்தது. என்னிடம் யாருக்கும் தேவைப்படாத சப்பாத்துகள் நிறையவே இருந்தன.

அடுத்த நாள் ஆபீசர் சப்பாத்தைப் பையில் போட்டுக்கொண்டு போய் உம்மாவின் முறை வந்ததும் மாட்டிக்கொண்டேன். உம்மா கூர் முனையை நீண்ட நேரம் பார்த்தார்.

“கலியாணம்,” என்றார்.

பேச்சுச் சிகிச்சையாளர் எனக்குப் பின்னால் நின்று கையைத் தட்டினாள். அதற்கு அடுத்த தடவை விளையாட்டுச் சப்பாத்து. “பொடியன்,” என்றார் உம்மா, உடனேயே. இன்னொரு நாள் மகளின் செருப்பைப் போட்டேன். அது “கக்கூஸ்” என்ற சொல்லைக் கொண்டுவந்தது. மகளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் உம்மா பேசுகிறாரே என்று சந்தோஷமாகக் காட்டிக்கொண்டாள். வார்ட் சிஸ்டரும் தன் வெள்ளைச் சப்பாத்தோடு ஒரு தடவை வந்து நின்று பார்த்தார். “நல்லம்,” என்றார் உம்மா. சிஸ்டர் அதன் பிறகு என் விளையாட்டுச் சப்பாத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. யாராவது கேட்டால், “அது சிகிச்சைக்கு,” என்று அவரே சொன்னார்.

இந்த முறையில் ஒரேயொரு குறைதான். அது என் கால். ஒரே நாளில் மூன்று விதமான சப்பாத்தை மாற்றி மாற்றிப் போட்டதில் ஒன்று கொடுத்த கொப்பளத்தின் மேல் இன்னொன்று உரசியது. காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் குதிகாலில் ஆணி அடித்தது போல இருந்தது. இந்த வலிக்கு என்ன செய்ய வேண்டும் என்று தினமும் நோயாளிகளுக்குச் சொல்கிறவள் நான். ஓய்வு, நல்ல சப்பாத்து. இரண்டும் என்னிடம் இல்லை.

வாரத்தில் ஒரு நாள் விசேட வைத்திய நிபுணர் பார்வையிட வருவார். உயரமான சிங்களவர், குறைவாகப் பேசுகிறவர். அவருக்குப் பின்னால் பயிற்சி வைத்தியர்கள் வரிசையாக நிற்பார்கள். உம்மாவின் கட்டிலுக்கு வந்ததும் பேச்சுச் சிகிச்சையாளர் நடந்ததை ஆங்கிலத்தில் விளக்கினாள். சப்பாத்து விஷயத்தை எப்படிச் சொல்வது என்று அவள் தடுமாறியதை நான் பார்த்தேன். அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் உம்மா கட்டிலின் ஓரமாகக் குனிந்து அவருடைய காலைப் பார்த்துவிட்டார்.

“பரணய்,” என்றார்.

சிங்களத்தில் அதற்குப் பழையது என்று அர்த்தம். பயிற்சி வைத்தியர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் பார்த்தார்கள். நிபுணர் தன் சப்பாத்தைக் குனிந்து பார்த்தார். பழையதுதான். ஒரு பக்கம் தையல் விட்டிருந்தது.

“சிங்களமும் வந்திட்டுது!” என்று பேச்சுச் சிகிச்சையாளர் தமிழில் கத்திவிட்டாள்.

நிபுணர், “மிகவும் நல்லது,” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அதற்கடுத்த வாரம் உம்மாவைப் பார்க்க வந்தபோது, தலைமாட்டுப் பக்கமாக, கால் தெரியாத இடத்தில் நின்றுகொண்டார்.

இப்படியே போயிருந்தால் இது ஒரு சிரிப்புக் கதை. அப்படிப் போகவில்லை.

உம்மாவை வீட்டுக்கு அனுப்பும் நாள் நெருங்கியது. கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஆனால் வலது பாதம் முன்பக்கமாகத் தொங்கியது. அது தரையில் இடறாமல் இருக்க, முழங்காலுக்குக் கீழேயிருந்து பாதம்வரை தாங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் பட்டை ஒன்றைச் செய்வித்தோம். அதைப் போட்டால் அதற்கு மேல் சப்பாத்துப் போட வேண்டும். மகளிடம் சொன்னேன். அவள் எதையோ நினைத்துக்கொண்டு, மறுநாள் உம்மாவின் சொந்தச் செருப்பைக் கொண்டு வந்தாள். பொன்னிறப் பட்டி போட்ட அழகான செருப்பு. உம்மா அதைக் கண்டதும் இடது கையால் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வந்த நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதைப் போட முடியாது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“உம்மா, இதுல பின்னால பிடிப்பு இல்லீங்க. உங்க காலுக்கு இது நிக்காது. வழுக்கிரும். பின்னால மூடின, ஒட்டுப்பட்டி வச்ச சப்பாத்துத்தான் போடணும்.”

ஆஸ்பத்திரியில் மாதிரிக்கு வைத்திருந்த ஒன்றைக் காட்டினேன். சாம்பல் நிறத்தில், ரொட்டி வாட்டுகிற பெட்டி போல அகலமாக இருந்தது. உம்மா அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“அசிங்கம்,” என்றார்.

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்கு அதற்குப் பிறகு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. கம்பிக்கும் வர மறுத்தார். நான் கீச்சுச் சப்பாத்தோடு கட்டிலைச் சுற்றி இரண்டு தடவை நடந்து பார்த்தேன். கண்ணைத் திறக்கவில்லை. பேச்சுச் சிகிச்சையாளர், “விடுங்கோ அக்கா, இது கோவமில்லை,” என்றாள்.

மகள் சாப்பாடு வாங்கப் போயிருந்த நேரம் கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தேன். செய்வதற்கு ஒன்றுமில்லை. என் குதிகால் கொதித்துக்கொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிவிட்டு, காலை மற்றக் காலின் மேல் போட்டு அமுக்கிக்கொண்டேன். ஆபீசர் சப்பாத்துத் தந்த காயம் பிளாஸ்டருக்கு வெளியே சிவந்திருந்தது.

உம்மா திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று எனக்குத் தெரியாது. நான் அவசரமாகக் காலைக் கீழே விட்டேன். அவர் இடது கையை நீட்டி என் முழங்காலைத் தொட்டார்.

“வலி… வலிக்குதா?”

அதுவரை அவர் சொன்னதெல்லாம் தீர்ப்புகள். இதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. பேச்சுச் சிகிச்சையாளரிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டிய விஷயம். நான் ஓடவில்லை. தலையை ஆட்டினேன்.

“நல்லா வலிக்குதுங்க, உம்மா,” என்றேன் பிறகு. “எனக்கும் சரியான சப்பாத்து இல்ல.”

அவர் தலையணைப் பக்கத்திலிருந்த பொன்னிறச் செருப்பை எடுத்துப் பக்கத்து மேசை மேல் வைத்தார்.

“கடைக்கி,” என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகும் அன்று, மகளின் கணவர் வேன் கொண்டுவந்தார். எனக்கு அன்று அரை நாள் லீவு. போகிற வழியில் மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கம் நிறுத்தி, சக்கர நாற்காலியோடு உம்மாவைக் கடைக்குள் ஏற்றினோம். எனக்குத் தெரிந்தது அந்த ஒரு கடைதான். கடைக்காரர் ஸலாம் சொல்லி, அகலமான சப்பாத்துகளை எடுத்து அடுக்கினார். உம்மா ஒவ்வொன்றையும் கையில் வாங்கி, அடியைச் சீமெந்து வாசற்படியில் அழுத்தித் தேய்த்துக் காட்டச் சொன்னார். சொன்னார் என்றால், விரலால் படியைக் காட்டினார். ஒன்று கீச்சிட்டது.

“சத்தம்,” என்றார் உம்மா. பிறகு என் காலைக் காட்டி, “இவங்களுக்கு… நீங்க?” என்றார்.

கடைக்காரர் என் சப்பாத்தை அடையாளம் கண்டுகொண்டார். “மிஸ் ஒண்டும் வந்து சொல்லல்லயே, உம்மா. கம்பளத்துல நல்லாத்தான் ஈந்திச்சு.”

உம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் கம்பளத்தை ஓரமாக மடக்கி வைத்தார்.

அதற்குப் பிறகு வேலை ஒழுங்காக நடந்தது. காட்டியதில் ஒன்று ஆம்பளை, ஒன்று கிழவி, இன்னொன்று கால் விரலில் இடித்தது. கடைசியில் உம்மாவே மேல் தட்டைக் காட்டினார். அங்கே இருந்தவை பெண் பிள்ளைகளின் பாடசாலைச் சப்பாத்துகள். கறுப்பு, உருண்டை முனை, குறுக்கே ஒட்டுப்பட்டி, பின்னால் கெட்டியான பிடிப்பு. ஒட்டுப்பட்டியின் மேலே சின்னதாக ஒரு பூ.

“உம்மா, அது ஸ்கூல் பிள்ளைகளுக்குள்ளது,” என்றாள் மகள்.

உம்மா காலை நீட்டினார். பட்டை போட்ட வலது காலுக்கு இரண்டு சைஸ் பெரிதாகத் தேவைப்பட்டது. ஒரு சோடியைப் பிரித்துத் தர முடியாது என்று கடைக்காரர் உறுதியாக இருந்தார், அதனால் இரண்டு சோடி எடுத்தோம். எழுப்பி நிறுத்தினேன். உம்மா கண்ணாடியைப் பார்த்து நின்றார். சாம்பல் நிறச் சேலைக்குக் கீழே கறுப்புச் சப்பாத்தும் பூவும் தெரிந்தன. கொஞ்சம் குட்டிப்பிள்ளை போல இருந்தது, கொஞ்சம் பாடசாலை அதிபர் போலவும் இருந்தது. வலது பாதம் இடறாமல் எழுந்து வந்தது.

“நல்லம்,” என்றார்.

நான் அப்படியே நகர்ந்து ஆண்கள் பக்கம் போனேன். அங்கே ஒரு கறுப்புச் சப்பாத்து. முன்பக்கம் அகலம், கட்டுவதற்கு நாடா, தடித்த அடி. என் காலுக்குக் கிடைத்த மிகச் சின்ன அளவு கச்சிதமாக இருந்தது. சீமெந்தில் தேய்த்தேன், சத்தமில்லை. நடந்து பார்த்தேன், விரல்கள் விரிந்து படுத்துக்கொண்டன. உம்மா பார்த்தார்.

“ஆம்பள,” என்றார்.

“பரவாயில்லீங்க, உம்மா,” என்றேன். என் கணவரும் வீட்டில் அதையேதான் சொன்னார், கொஞ்சம் கூடுதலான சொற்களில். பிரிவுப் பொறுப்பாளர் அம்மையார் மறுநாள் காலையில் என் காலை நின்று பார்த்தார். கறுப்பு. விரல் தெரியவில்லை. குதி உயரமில்லை. சத்தமில்லை. மரியாதைக்கும் குறைவில்லை. அதற்கு மேல் அவரிடம் விதி இருக்கவில்லை. ஒரு மாதத்துக்குள் காலையில் நான் நொண்டாமல் எழுந்து நடந்தேன். வார்ட்டுக்குள் சத்தமில்லாமல் போய் நிற்க முடிந்ததால், தூங்குகிறவர்கள் உண்மையாகவே தூங்குகிறார்களா என்பதும் தெரிந்தது. பெரும்பாலும் இல்லை.

சில மாதங்கள் கழித்து உம்மாவின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். உம்மா மறுபடி கடைக்குப் போகப் பிடிவாதம் பிடிக்கிறார், படிகள் இருக்கின்றன, மிஸ் ஒரு தடவை வந்து பார்க்க முடியுமா என்று கேட்டாள். வீடுகளுக்குப் போவது எங்கள் வேலையில் சேர்ந்ததல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கடுகண்ணாவைக்குப் போனேன்.

கடை பிரதான வீதியை ஒட்டி இருந்தது. லொறிகள் ஏற்றத்தில் முனகிக்கொண்டு போகும்போது தொங்கவிட்டிருந்த திரைச்சீலைகள் ஆடின. வீதியிலிருந்து கடைக்கு மூன்று சீமெந்துப் படிகள். நான் தொலைபேசியில் சொன்னபடி மருமகன் இடப்பக்கமாக ஓர் இரும்புக் குழாயைப் பதித்திருந்தார். உம்மா குழாயைப் பிடித்தார். நல்ல காலை முதலில் வைத்தார், பிறகு மற்றதை. நான் பின்னால் கையை நீட்டியபடி ஏறினேன், அவரைத் தொட வேண்டி வரவில்லை. மேலே போய், மேசைக்குப் பின்னாலிருந்த கதிரையில் உட்கார்ந்து, சேலை முந்தானையைத் தலைக்கு மேல் சரிசெய்துகொண்டார். இப்போது சொற்கள் நிறைய வந்தன, ஆனால் வேண்டிய நேரத்தில் வேண்டிய சொல் வருவதில்லை. அதை நினைத்து மகளுக்குத்தான் பயம். அவள் உள்ளேயே நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு சிங்களப் பெண் படியேறி வந்தார். தலையணை உறை வேண்டும் என்று சிங்களத்தில் கேட்டார். உம்மா தட்டில் கையை வைத்து ஒரு படுக்கை விரிப்பை இழுத்தார். அந்தப் பெண் தலையை ஆட்டினார். உம்மாவின் உதடுகள் அசைந்தன, ஒன்றும் வரவில்லை. மகள் முன்னால் வர எட்டு வைத்தாள். நான் அவளுடைய கையைப் பிடித்தேன்.

“கொட்ட உர,” என்றார் அந்தப் பெண் மறுபடி, பொறுமையாக, தன் கன்னத்தில் கையை வைத்துக் காட்டி.

“உர,” என்றார் உம்மா. “ஆ… உர.” இந்தத் தடவை சரியான தட்டுக்குக் கை போனது. சிலவற்றை எடுத்து மேசையில் வைத்தார்.

அந்தப் பெண் புரட்டிப் பார்த்துவிட்டு, நீல நிறம் இருக்கிறதா என்று கேட்டார். உம்மா ஒரு கணமும் யோசிக்கவில்லை.

“நில் நே,” என்றார். நீலம் இல்லை. பிறகு பச்சை நிறச் சோடி ஒன்றை எடுத்து, இடது கையாலேயே உதறி, வெளிச்சம் விழும் இடத்தில் விரித்தார். கரையிலிருந்த பூ வேலையை விரலால் தடவிக் காட்டினார். ஒரு சொல் பேசவில்லை. அந்தப் பெண்ணும் தடவிப் பார்த்தார். பச்சையையே எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். கடைக்காரிக்கு ஏதும் நடந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

மகள் என் காதருகே குனிந்தாள்.

“மிஸ், நீலம் ஈக்குது. உள்ள அலுமாரி நிறைய ஈக்குது.”

“உம்மாவுக்கு மறந்துபோச்சா?”

“இல்ல மிஸ்,” என்றாள் அவள். “பச்சதான் கனகாலமா போகாமக் கெடந்திச்சு.”